வயலும் காடும் விடும் மூச்சு

நடவு முடிந்த வயலில் இறங்கி நடந்தவர்களுக்குத் தெரியும். கால் சேற்றில் புதையும். காலைச் சுற்றிக் குமிழி கிளம்பும். மேலே வந்து உடைந்து போகும். நாமும் அடுத்த அடி எடுத்து வைப்போம்.

அந்தக் குமிழிக்குள் என்ன இருக்கிறது? வெறும் காற்று அல்ல. மீத்தேன் என்ற வாயு இருக்கிறது. சில வீடுகளில் சாண எரிவாயு அடுப்பு இருக்கும். அந்த அடுப்பில் எரிவதும் இதே வாயுதான்.

1990-ஆம் ஆண்டு வாக்கில் இந்தக் குமிழியை வைத்து உலக நாடுகளுக்குள் ஒரு வழக்கே நடந்தது. பூமி சூடாகிக்கொண்டு வருகிறது. அதற்கு மீத்தேனும் ஒரு காரணம். இந்தியாவில் நெல்வயல் ஏராளம். ஆகவே பழியில் பெரும் பங்கு இந்தியாவுக்கும் உண்டு என்று பேச்சு எழுந்தது. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் துறை ஒரு கணக்கும் சொன்னது. இந்திய நெல்வயல்கள் ஆண்டுக்கு சுமார் 3 கோடியே 80 லட்சம் டன் மீத்தேன் விடுகின்றன என்பது அந்தக் கணக்கு.

அரை ஏக்கர் வைத்திருப்பவரின் வயலும் அந்தக் கணக்கில் சேர்ந்தது. அவருக்கு அது தெரியாது. கணக்கு சரியா, தவறா? அதைப் பார்ப்பதற்கு முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மரம் எதைத் தின்று வளர்கிறது?

வாசலில் ஒரு வேப்பங்கன்று நடுகிறோம். இருபது வருடத்தில் அது பெரிய மரமாகிறது. வெட்டினால் ஒரு வண்டி பாரம் தேறும். அவ்வளவு எடை எங்கிருந்து வந்தது? மண்ணைத் தின்று வளர்ந்திருந்தால் மரத்தடியில் பெரிய பள்ளம் விழுந்திருக்க வேண்டும். விழவில்லையே!

மரம் காற்றைத் தின்று வளர்கிறது. காற்றில் கரியமில வாயு இருக்கிறது. நாம் மூச்சு விடும்போது வெளியே போகும் வாயு அது. விறகு எரிந்தாலும் அதுதான் வரும். இலை அந்த வாயுவை உள்ளே இழுக்கிறது. வேர் தண்ணீரைக் கொடுக்கிறது. வெயில் அடுப்பாக இருக்கிறது. இந்த மூன்றையும் வைத்து இலை தனக்கு மாவுச்சத்தைச் சமைத்துக்கொள்கிறது. பிராண வாயுவை வெளியே விடுகிறது.

கரியமில வாயுவில் உள்ள கரி மரத்திலேயே தங்கிவிடுகிறது. நன்றாகக் காய்ந்த மரத்தின் எடையில் சுமார் பாதி கரிதான். மரத்தை மூட்டம் போட்டால் அடுப்புக்கரி கிடைப்பது இதனால்தான்.

இது பகலில் நடக்கும் வேலை. செடியும் மரமும் நம்மைப் போலவே மூச்சும் விடுகின்றன. பகலிலும் விடுகின்றன, இரவிலும் விடுகின்றன. அப்போது கொஞ்சம் கரியமில வாயு திரும்பக் காற்றில் கலக்கிறது. உதிர்ந்த சருகு மண்ணில் மக்கும்போதும் கலக்கிறது. பகலில் கூலி வாங்கி, அதில் ஒரு பகுதியைச் சாப்பாட்டுக்குச் செலவழித்து, மீதியைச் சேர்த்து வைக்கும் குடும்பம் போல இது. சேர்த்து வைத்ததுதான் மரம், நெல், வைக்கோல் எல்லாம்.

பூமி முழுவதற்குமே இப்படி ஒரு மூச்சு உண்டு. ஹவாய்த் தீவில் மவுனா லோவா என்ற மலை இருக்கிறது. 1958-லிருந்து அங்கே காற்றில் உள்ள கரியமில வாயுவை அளந்து வருகிறார்கள். பூமியின் வட பாதியில் மரங்கள் துளிர்த்துப் பயிர்கள் வளரும் மாதங்களில் வாயு குறைகிறது. இலை உதிரும் பனிக்காலத்தில் ஏறுகிறது. ஒவ்வொரு ஆண்டும் இப்படி இறங்கி ஏறுகிறது. ஆனால் இறங்குவதைவிட ஏறுவது அதிகம். நிலக்கரியும் பெட்ரோலும் டீசலும் எரித்து மனிதர்கள் சேர்க்கும் வாயுவைக் காடுகளாலும் கடலாலும் முழுவதுமாக உள்ளே வாங்க முடியவில்லை. ஆலைகள் பெருகுவதற்கு முன் பத்து லட்சம் பங்கு காற்றில் 280 பங்கு கரியமில வாயு இருந்தது. 2024-ல் அது 420-ஐத் தாண்டிவிட்டது.

அதனால் என்ன? கரியமில வாயு, மீத்தேன் போன்ற வாயுக்கள் பூமிக்குப் போர்வை மாதிரி. பகலில் வாங்கிய வெப்பம் முழுவதும் வானத்துக்குப் போய்விடாமல் தடுக்கின்றன. போர்வையே இல்லாவிட்டால் பூமி பனிக்கட்டியாக உறைந்துவிடும். ஆனால் சித்திரை மாதத்தில் ஒரு போர்வைக்கு மேல் இன்னொன்றைப் போர்த்தினால் எப்படி இருக்கும்? இப்போது அதுதான் நடக்கிறது. 1901 முதல் 2018 வரை இந்தியாவின் சராசரி வெப்பம் சுமார் 0.7 டிகிரி கூடியிருக்கிறது. ஒரு டிகிரிகூட இல்லையே என்று நினைக்கலாம். உடம்புச் சூடு ஒரு டிகிரி கூடினாலே நம்மால் வேலைக்குப் போக முடிவதில்லை.

தண்ணீருக்கு அடியில் நடப்பது

இப்போது நெல்வயலுக்கு வருவோம். தண்ணீர் தேங்கி நிற்கும் வயலில் மண்ணுக்குள் காற்று போக முடியாது. பிராண வாயு இல்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டு. கண்ணுக்குத் தெரியாத அவை சேற்றில் கிடக்கும் பழைய தாள், தழை, சாணம் ஆகியவற்றைச் சிதைக்கின்றன. அப்போது மீத்தேன் உண்டாகிறது. சாண எரிவாயுக் கலனை மூடி வைப்பதும் காற்றுப் புகாமல் இருக்கத்தான். நெல்வயலுக்குத் தண்ணீரே மூடி.

மீத்தேன் வெளியே வரும் வழிதான் வேடிக்கையானது. கொஞ்சம் குமிழியாக வருகிறது. பெரும்பகுதி நெற்பயிரின் வழியாகவே வருகிறது. அல்லித்தண்டை ஒடித்துப் பாருங்கள். உள்ளே ஓட்டை ஓட்டையாக இருக்கும். நெற்பயிருக்குள்ளும் அப்படிச் சிறு குழல்கள் உண்டு. சேற்றுக்குள் இருக்கும் வேருக்கு மேலிருந்து காற்றுக் கொண்டுபோகும் குழல்கள் அவை. அதே குழல் வழியாக மீத்தேன் மேலே ஏறி வந்துவிடுகிறது.

எடைக்கு எடை பார்த்தால், நூறு ஆண்டுக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைவிட சுமார் 28 மடங்கு அதிகமாகச் சூடாக்கும். ஆனால் காற்றில் சுமார் 12 ஆண்டுகள்தான் நிற்கும். கரியமில வாயுவோ பல நூறு ஆண்டுகள் நிற்கும்.

வயலில் வைத்த பெட்டி

சரி, அந்த 3 கோடியே 80 லட்சம் டன் கணக்கு என்ன ஆயிற்று?

அது இந்திய வயலில் அளந்த கணக்கு அல்ல. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சில வயல்களில் அளந்து, அதை வைத்து மற்ற நாடுகளுக்கும் பெருக்கிப் போட்ட கணக்கு. அடுத்த வீட்டுப் பாலை அளந்து நம் வீட்டு மாட்டின் கறவையைச் சொல்வது போன்றது.

டில்லியில் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடம் இருக்கிறது. அங்கே ஏ. பி. மித்ரா என்ற விஞ்ஞானி இருந்தார். அவரும் மற்ற விஞ்ஞானிகளும் சேர்ந்து நேரில் அளந்துவிடுவது என்று முடிவு செய்தார்கள். 1991-ல் நாட்டின் பல பகுதிகளில் உள்ள நெல்வயல்களில் அளவு எடுக்கப்பட்டது.

அளக்கும் முறை எளிதுதான். கண்ணாடி போன்ற ஒரு பெட்டியைக் கவிழ்த்து நெற்பயிரை மூட வேண்டும். சற்று நேரத்துக்கு ஒரு முறை ஊசிக்குழாயால் பெட்டிக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்க வேண்டும். அதில் மீத்தேன் எவ்வளவு கூடியிருக்கிறது என்று ஆய்வுக்கூடத்தில் பார்க்க வேண்டும். இப்படி நாற்றுப் பருவம் முதல் அறுவடை வரை சேற்றில் நின்று எடுக்க வேண்டும். எளிது என்றது முறையைத்தான், வேலையை அல்ல.

கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். ஆண்டுக்குச் சுமார் 40 லட்சம் டன் மீத்தேன் என்று வந்தது. அமெரிக்கக் கணக்கில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு!

ஏன் இவ்வளவு வித்தியாசம்? நம் நாட்டில் எல்லா நெல்வயலிலும் எப்போதும் தண்ணீர் நிற்பதில்லை. பல இடங்களில் மழையை நம்பித்தான் நெல். மழை நின்றால் வயல் காய்ந்து வெடிக்கும். காற்று மண்ணுக்குள் போகும். மீத்தேன் உண்டாவது நின்றுவிடும். இன்னொன்று, நம் மண்ணில் மக்கிய சத்து குறைவு. நுண்ணுயிர்களுக்குத் தீனி கொஞ்சம்தான். மண் வளம் குறைந்திருப்பது விவசாயிக்கு நல்ல செய்தி அல்ல. ஆனால் மீத்தேன் கணக்கில் அது நமக்குச் சாதகமாக அமைந்தது.

அதே 1991-ல் அனில் அகர்வால், சுனிதா நாராயண் என்ற இருவர் டில்லியிலிருந்து ஒரு சிறு நூல் வெளியிட்டார்கள். சோற்றுக்காக உழுகிறவர் வயலிலிருந்து வரும் வாயுவையும் சொகுசுக் காரிலிருந்து வரும் வாயுவையும் ஒரே தராசில் வைக்கலாமா என்று அதில் கேட்டார்கள். அந்தக் கேள்வி இன்றும் உலக மாநாடுகளில் கேட்கப்படுகிறது.

வயலுக்குப் பழியே இல்லை என்று இதற்கு அர்த்தம் அல்ல. 2016-ஆம் ஆண்டுக்கு இந்திய அரசு ஒரு கணக்குக் கொடுத்தது. நாடு வெளியிட்ட வெப்ப வாயுக்கள் எல்லாவற்றையும் 100 பங்காக வைத்தால், சுமார் 75 பங்கு நிலக்கரி, பெட்ரோல் போன்ற எரிபொருள்களிலிருந்து வந்தது. விவசாயத்திலிருந்து வந்தது சுமார் 14 பங்கு. அந்த விவசாயப் பங்கிலும் பாதிக்கு மேல் ஆடுமாடுகள் அசைபோடும்போது வெளிவரும் மீத்தேன். அடுத்தது உரம் போட்ட மண். அதற்கு அடுத்துத்தான் நெல்வயல்.

பஞ்சாபில் வைக்கோல் எரிப்பதைப் பற்றிச் செய்தியில் அடிக்கடி கேட்கிறோம். விவசாயக் கணக்கில் தாள் எரிப்பின் பங்கு 100-க்கு 2 தான். ஆனால் அந்தப் புகை நெஞ்சுக்குள் போகிறது. அது வேறு கணக்கு. ஏன் எரிக்கிறார்கள்? நிலத்தடி நீரைக் காப்பாற்ற 2009-ல் அங்கே ஒரு சட்டம் வந்தது. ஜூன் 10-ஆம் தேதிக்கு முன் நடவு கூடாது என்றது. நடவு தள்ளிப் போனது. அறுவடையும் தள்ளிப் போனது. நெல் அறுத்துக் கோதுமை விதைக்க இரண்டு, மூன்று வாரமே கிடைக்கிறது. அறுவடை இயந்திரம் தாளை வயலிலேயே விட்டுப் போகிறது. தீக்குச்சி ஒன்றுதான் சீக்கிரமாக வேலை செய்கிறது. தண்ணீரை மிச்சம் பிடிக்கப் போய்ப் புகை வந்தது.

காடு என்னும் சேமிப்பு

காடு சேமித்து வைக்கும் குடும்பம். 2021-ஆம் ஆண்டுக்கான அரசு அறிக்கைப்படி இந்தியக் காடுகளில் சுமார் 720 கோடி டன் கரி இருக்கிறது. இதில் பாதிக்கு மேல் மரத்தில் இல்லை, மண்ணில் இருக்கிறது. சருகு மக்கி மக்கி நூற்றாண்டுகளாகச் சேர்ந்த சொத்து அது. 2016 கணக்கில், இந்தியா வெளியிட்ட கரியமில வாயுவில் 100-க்கு 15 பங்கை நாட்டின் காடுகளும் நிலமும் திரும்ப வாங்கிக்கொண்டன.

சேமிப்பு ஒரே வாரத்தில் கரைந்து போவதும் உண்டு. இமயமலை அடிவாரத்தில் உள்ள உத்தராகண்ட் மாநிலத்தில் அது நடக்கிறது.

அங்கே மலைச்சரிவுகளில் இரண்டு வகை மரம் அதிகம். ஒன்று பாஞ்சு எனப்படும் ஓக் மரம். அதன் இலை மாட்டுக்குத் தீனி. அதன் அடியில் மண் ஈரமாக இருக்கும். ஊற்று வற்றாது. மற்றது சீர் எனப்படும் ஊசியிலை மரம். ரயில் தண்டவாளக் கட்டைக்கும் பிசினுக்கும் அது வேண்டும் என்று வெள்ளைக்காரர் காலத்தில் வனத்துறை அதையே பெருக்கியது. மலைவாசிப் பெண்களுக்கு அது பிடிக்காது. தீனியும் இல்லை, ஈரமும் இல்லை.

கோடையில் சீர் மரம் ஊசி ஊசியாக இலையை உதிர்க்கும். அந்தச் சருகைப் பிருல் என்பார்கள். அதில் பிசின் இருக்கிறது. மெத்தை போலக் குவிந்து கிடக்கும். பனிக்காலத்தில் மழையும் பனியும் போதாமல் போனால் தரை உலர்ந்துவிடும். ஒரு பீடித் துண்டு போதும்.

2016-ல் அங்கே 4000 ஹெக்டேருக்கும் மேல், அதாவது சுமார் பத்தாயிரம் ஏக்கர் காடு எரிந்தது. விமானப் படையின் ஹெலிகாப்டர்கள் தண்ணீர் ஊற்றி அணைக்க வேண்டியதாயிற்று. 2024-லும் நைனிதால் பக்கம் ஹெலிகாப்டர் வந்தது. பல ஆண்டுகள் காற்றிலிருந்து வாங்கிச் சேர்த்த கரி சில நாளில் காற்றுக்கே திரும்பிப் போயிற்று. கன்றுகள் கருகின. சருகு போன சரிவில் அடுத்த மழைக்கு மேல்மண் கரைந்து ஓடும்.

சூடு கூடினால் காடு உலரும். உலர்ந்தால் எரியும். எரிந்தால் வாயு கூடும். வாயு கூடினால் மேலும் சூடு கூடும். இந்த வட்டம்தான் விஞ்ஞானிகளைப் பயப்பட வைக்கிறது.

தீ அணைப்பதில் முதல் ஆள் ஹெலிகாப்டர் அல்ல, பக்கத்து ஊர்க்காரர்தான். அந்த மலையில் 1921-ல் மக்கள் காட்டுரிமைக்காகப் போராடினார்கள். அதன் பலனாக 1931-ல் வனப் பஞ்சாயத்து என்ற ஏற்பாடு வந்தது. ஊராரே காட்டைக் காத்து, ஊராரே புல்லும் விறகும் எடுக்கலாம். இன்றும் அது இருக்கிறது. 2024 மே மாதம், பிருல் சருகைக் கூட்டிக் கொண்டுவந்தால் கிலோவுக்கு 50 ரூபாய் தருவதாக மாநில அரசு அறிவித்தது. முன்பு 3 ரூபாய்தான். 3 ரூபாய்க்கு யார் மலை ஏறுவார்கள்?

இரவுச் சூடும் நெல்லும்

வயலும் காடும் வாயு விடுவதைப் பார்த்தோம். சூடு கூடினால் வயலுக்கு என்ன ஆகிறது?

கரியமில வாயு கூடினால் பயிர் நன்றாக வளரும், நல்லதுதானே என்று சிலர் கேட்பார்கள். தழை கொஞ்சம் கூடுவது உண்மை. ஆனால் அப்படி வளர்ந்த நெல்லிலும் கோதுமையிலும் இரும்பு, துத்தநாகம், புரதம் ஆகிய சத்துகள் குறைகின்றன. வயிறு நிறையும், உடம்பில் ஒட்டாது.

செடி இரவில் மூச்சு விடும் என்று பார்த்தோம். இரவு சூடாக இருந்தால் அந்த மூச்சு வேகமாகிறது. பகலில் சம்பாதித்ததை இரவில் அதிகமாகச் செலவழித்துவிடுகிறது. மணி பிடிக்க மிச்சம் இல்லை. பிலிப்பைன்ஸ் நாட்டில் சர்வதேச நெல் ஆய்வு நிலையம் இருக்கிறது. அங்கே பல ஆண்டுகள் பார்த்து 2004-ல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். பயிர்க் காலத்தில் இரவு வெப்பம் ஒரு டிகிரி கூடியபோது விளைச்சல் பத்தில் ஒரு பங்கு குறைந்தது.

கோதுமை இன்னும் மென்மையானது. 2022 மார்ச்சில் வட இந்தியாவில் கடும் வெயில். 1901-லிருந்து பதிவான மார்ச் மாதங்களில் நாட்டின் பகல் வெப்பம் அவ்வளவு இருந்ததில்லை. பஞ்சாபிலும் ஹரியானாவிலும் கதிரில் பால் பிடிக்கும் சமயம் அது. மணி சுருங்கிப் போயிற்று. மே 13 அன்று மத்திய அரசு கோதுமை ஏற்றுமதியை நிறுத்தியது.

காய்ச்சலும் பாய்ச்சலும்

மீத்தேனைக் குறைக்க நெல் பயிரிடுவதை விட வேண்டுமா? வேண்டியதில்லை. தண்ணீர் கட்டும் முறையை மாற்றினாலே போதும். தமிழ்நாட்டு விவசாயிகள் இதற்குக் காய்ச்சலும் பாய்ச்சலும் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஓட்டை போட்ட ஒரு குழாயை வயலில் பதிக்கிறார்கள். ஒரு அடி நீளம் போதும். அதற்குள் எட்டிப் பார்த்தால் மண்ணுக்குக் கீழே தண்ணீர் எங்கே நிற்கிறது என்று தெரியும். மண் மட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர், அதாவது அரை அடி இறங்கும்வரை தண்ணீர் பாய்ச்ச வேண்டாம். வேர் அந்த ஆழத்திலிருந்து தண்ணீரை எடுத்துக்கொள்ளும். இறங்கிய பிறகு இரண்டு அங்குலம் பாய்ச்சினால் போதும். நட்டவுடன் இரண்டு வாரமும், பூக்கும் சமயமும் மட்டும் வயலைக் காயவிடக் கூடாது. பூக்கும்போது தண்ணீர் தப்பினால் பதர்தான் மிஞ்சும்.

இப்படிச் செய்தால் மீத்தேன் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. தண்ணீரும் மிச்சமாகிறது. விளைச்சல் குறைவதில்லை. மட்காத சாணத்தையும் தழையையும் தேங்கிய தண்ணீரில் போடாமல், நன்றாக மட்கிய தொழு உரமாகப் போட்டாலும் மீத்தேன் குறையும்.

ஆனால் இதிலும் ஒரு சிக்கல் உண்டு. வயல் காய்ந்து, நனைந்து, மறுபடி காயும்போது யூரியாவிலிருந்து நைட்ரஸ் ஆக்சைடு என்ற இன்னொரு வாயு கிளம்புகிறது. எடைக்கு எடை அது கரியமில வாயுவைவிட சுமார் 270 மடங்கு சூடாக்கும். பெரும்பாலும் மீத்தேனில் கிடைக்கும் லாபம் இந்த நஷ்டத்தைவிடப் பெரிது. யூரியாவை அள்ளி ஒரே தடவையாகப் போட்டால் லாபம் குறையும். அதனால் பிரித்துப் பிரித்துப் போட வேண்டும். இலை வண்ண அட்டையை வைத்துப் பார்த்து, இலை வெளுத்தால் மட்டும் போட வேண்டும். 2015-லிருந்து நம் நாட்டில் தயாராகும் யூரியாவில் வேப்ப எண்ணெய் பூசுகிறார்கள். வேம்பு பூசிய யூரியா மண்ணில் மெதுவாக வேலை செய்யும். காற்றில் போவது குறையும்.

இவ்வளவு நல்ல முறையை எல்லோரும் ஏன் செய்வதில்லை? தண்ணீர் நிற்காத வயலில் களை அதிகம் முளைக்கும். களை எடுப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். குனிந்த முதுகுக்கு இன்னும் இரண்டு நாள் வேலை கூடும். சொந்த மோட்டார் உள்ளவர் வேண்டும்போது பாய்ச்சலாம், வேண்டாதபோது நிறுத்தலாம். வாய்க்கால் தண்ணீரை நம்பும் கடைமடை விவசாயியின் நிலை வேறு. இன்று வந்த தண்ணீர் அடுத்த முறை வருமா என்று அவருக்குத் தெரியாது. அதனால் வந்த தண்ணீரை வரப்பு முட்டக் கட்டி வைக்கிறார். முறைத் தண்ணீர் சொன்ன நாளில் வந்து சேரும் ஊர்களில்தான் அவர் வயலைக் காயவிடுவார்.